அம்மா அப்பாவின் ஐசி, கடப்பிதழ், குடியுரிமைச் சான்றிதழ் தொலைந்தால்: எதை முதலில், எதை அப்புறம்

வீடு மாறும்போதோ, பையோடு திருட்டுப் போகும்போதோ, முதுமை மறதி உள்ளவர் தானே எங்கோ எடுத்து வைத்துவிடும்போதோ, வயதான பெற்றோரின் ஆவணங்கள் பெரும்பாலும் மொத்தமாகத்தான் காணாமல் போகின்றன. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருப்பார்கள். உடனே பிள்ளைகள் ஊருக்குப் போன் போட்டு, “மாமா, அம்மாவோட பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமா?” என்று ஆரம்பிக்கிறார்கள். வேலை சிக்கலாவது அங்கேதான்.

பல ஆண்டுகள் சிங்கப்பூரில் வாழ்ந்தவரைப் பற்றிய உறுதியான பதிவு சிங்கப்பூரில்தான் இருக்கிறது. அட்டை தொலைந்தாலும் பதிவு தொலைவதில்லை. அதனால் ஐசி (அடையாள அட்டை) முதலில், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) அடுத்து, குடியுரிமைச் சான்றிதழ் அதற்குப் பின். ஊர்க் காகிதங்கள், தேவைப்பட்டால் மட்டும், கடைசியில். முந்தியது கையில் இருந்தால் பிந்தியதை வாங்குவது சுலபம் என்பதால்தான் இந்த வரிசை.

1. உண்மையில் எது தொலைந்தது என்று முடிவு செய்யுங்கள்

“அம்மாவின் சிட்டிசன் பேப்பர் போச்சு” என்பார்கள். விசாரித்தால் அது குடியுரிமைச் சான்றிதழாக இருக்கலாம், பழைய நுழைவு அனுமதியாக இருக்கலாம், காலாவதியான இந்தியக் கடப்பிதழாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு.

ஐசியின் நிறத்தை வைத்துத் தொடங்குங்கள். இளஞ்சிவப்பு என்றால் குடிமகன், நீலம் என்றால் நிரந்தரவாசி. ஐம்பது வருடம் இங்கே இருந்தும் கடைசிவரை நீல ஐசியே வைத்திருந்த பெரியவர்கள் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் இங்கே பிறந்த குடிமக்கள், ஆகவே அப்பாவும் அப்படித்தான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் குடியுரிமைச் சான்றிதழ் என்று ஒன்று இருந்ததே இல்லை, தேடுவதில் பயனில்லை. நீல ஐசிக்காரர் என்றால் 1 முதல் 6 வரை படித்துவிட்டு 9-க்குப் போங்கள்.

சிங்கப்பூரிலேயே பிறந்தவரிடமும் இந்தச் சான்றிதழ் இருக்காது, அவருக்குப் பிறப்புப் பதிவுதான் ஆதாரம். பதிவு மூலமோ விண்ணப்பித்தோ பிற்பாடு குடியுரிமை பெற்றவருக்குத்தான் தனிச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருக்கும்.

2. படிவத்தைத் தொடும் முன் ஒரு விவரத் தாள்

இந்த வேலையில் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது இந்தத் தாள்தான். ஆனாலும் பெரும்பாலோர் இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் படிவத்துக்குப் போய், பாதியில் “குடியுரிமை பெற்ற தேதி” என்ற கட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் இவற்றை எழுதுங்கள்: ஐசியில் இருந்த பெயர், எழுத்துக்கு எழுத்து. ஐசி எண். பிறந்த தேதி. பிறந்த ஊர், நாடு. தாய் தந்தை பெயர். சிங்கப்பூர் வந்த ஆண்டு. திருமணம் நடந்த ஆண்டும் இடமும். கணவர் அல்லது மனைவியின் ஐசி எண். குடியுரிமை கிடைத்த ஆண்டு. கடைசிக் கடப்பிதழின் எண்.

அம்மாவுக்கு நினைவில்லை என்றால் எங்கே தேடுவது?

சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) செயலியில் உள்ள அவருடைய சுயவிவரப் பக்கம் முதல் இடம். பெயர், ஐசி எண், பிறந்த தேதி, பிறந்த நாடு, குடியுரிமை எல்லாம் அரசாங்கத்திடம் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே அங்கே இருக்கும். வீட்டில் யாருக்கு என்ன ஞாபகம் இருந்தாலும், தாளில் எழுத வேண்டியது அங்கே உள்ளதைத்தான்.

இரண்டாவது இடம் உங்களுடைய பிறப்புச் சான்றிதழ். சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைகளின் சான்றிதழில் பெற்றோரின் விவரங்களும் இருக்கும். மூத்த பிள்ளையின் சான்றிதழையும் கடைசிப் பிள்ளையின் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூத்தவருடையதில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, இளையவருடையதில் வேறு மாதிரி இருப்பது சர்வசாதாரணம். இதைப் பற்றி 6-இல் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, பலர் யோசிக்காதது: மூத்த குடிமக்களுக்கான சலுகை அட்டையான முன்னோடித் தலைமுறை அட்டை. அந்தத் திட்டத்துக்கான தகுதி, 1949 டிசம்பர் 31 அல்லது அதற்கு முன் பிறந்து, 1986 டிசம்பர் 31-க்குள் குடியுரிமை பெற்றிருப்பது. ஆக, அம்மாவிடம் அந்த அட்டை இருந்தால் அவர் 1986 முடிவதற்குள் குடிமகளாகிவிட்டார் என்று அர்த்தம். அடுத்த வயதினருக்கான மெர்டேக்கா தலைமுறை அட்டைக்கு 1950 முதல் 1959 வரை பிறந்து, 1996 டிசம்பர் 31-க்குள் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். சரியான தேதி கிடைக்காது, ஆனால் எந்த ஆண்டுகளில் தேடுவது என்பது தெரிந்துவிடும்.

வந்த ஆண்டு தெரியவில்லையா? “எந்த வருஷம் வந்தீங்க?” என்று கேட்காதீர்கள். “எந்தக் கப்பல்ல வந்தீங்க?” என்று கேளுங்கள். ரஜுலா என்றால் எழுபதுகளின் முற்பகுதிக்குள் வந்திருக்க வேண்டும். சிதம்பரம் என்றால் அதற்குப் பின், 1985-இல் அந்தக் கப்பல் தீப்பிடிக்கும் வரைக்குமான காலம். ஆண்டை மறந்தவர்கள்கூட கப்பலை மறப்பதில்லை, கப்பலில் போட்ட சாப்பாட்டையும் சேர்த்தே சொல்வார்கள்.

தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். “தெரியவில்லை” என்று எழுதினால் அதிகாரி பதிவில் பார்த்துக்கொள்வார். தவறாக எழுதிவிட்டால் அது ஏன் பதிவோடு பொருந்தவில்லை என்று விளக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும்.

3. தொலைந்ததைத் தெரிவியுங்கள், 14 நாளுக்குள்

அடையாள அட்டை தொலைந்தால் 14 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். வீட்டைப் புரட்டித் தேடுவது நியாயம்தான். ஆனால் “எங்கேயாவது இருக்கும், தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும்” என்று மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். அந்த அட்டை யார் கையிலாவது சிக்கினால் அம்மாவின் பெயரில் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூருக்குள் ஐசியோ சிங்கப்பூர்க் கடப்பிதழோ தொலைந்தால் நேராக ஆணையத்திடமே தெரிவிக்கலாம், அதற்கென்று போலிஸ் புகார் தேவையில்லை. பையைப் பறித்துக்கொண்டு போனார்கள் என்றால் அது குற்றம், அதைப் போலிஸில் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுக் கடப்பிதழ் தொலைந்தால் கதை வேறு, அதற்குப் போலிஸ் புகார் கட்டாயம் வேண்டும்.

முதல்முறை தொலைத்த ஐசிக்கு மாற்றுக் கட்டணம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டாவது முறையிலிருந்து 300 வெள்ளி. மறதி உள்ளவர் என்றால் இந்த 300-ஐ மனத்தில் வைத்து, புதிய அட்டை வந்ததும் அதை யார் பத்திரப்படுத்துவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

கூடவே ஓர் எச்சரிக்கை. ஆணையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி வங்கி விவரம் கேட்கும் அழைப்புகள் மோசடி. ஆவணம் தொலைந்த பதற்றத்தில் இருக்கும் பெரியவர் அதை எளிதில் நம்பிவிடுவார். அரசாங்கக் குறுஞ்செய்திகள் 2024 ஜூலை 1 முதல் ‘கவ் டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. இதை அம்மாவுக்கு ஒருமுறை போனில் காட்டிவிடுங்கள்.

4. சிங்பாஸைச் சரிசெய்யுங்கள்

ஆணையத்தின் சேவைகள் பெரும்பாலும் இணையத்தில்தான். அதற்குப் பெற்றோரின் சிங்பாஸ் வேலை செய்ய வேண்டும். இங்கே வழக்கமான தடங்கல், பதிவான கைபேசி எண் எப்போதோ துண்டிக்கப்பட்ட பழைய எண்ணாக இருப்பது. படிவத்தின் நடுவில் இதைக் கண்டுபிடித்தால் பாதியில் நிற்க வேண்டியதுதான். முதலிலேயே பாருங்கள். தானாகச் செய்ய முடியாதவர்களுக்காகச் சில சமூக மன்றங்களில் சிங்பாஸ் முகப்புகள் இருக்கின்றன.

சிங்பாஸ் செயலி கைபேசியில் திறந்துவிட்டால் உடனடிப் பலன் ஒன்று உண்டு. அதிலுள்ள மின்னிலக்க ஐசியை 2021 நவம்பர் 1 முதல் அரசாங்க அமைப்புகளின் முகப்புகளில் ஏற்கிறார்கள். புதிய அட்டை வரும் வரைக்கும் பலதுறை மருந்தகத்துக்கு அதைக் காட்டிச் சமாளிக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அம்மாவின் மறைச்சொல் உங்களுக்குத் தெரியும் என்பதற்காக அவர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, என்ன எழுதுகிறீர்கள் என்று தமிழில் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு அழுத்துங்கள். அது அவருடைய வாக்குமூலம். பொய்யான விவரம் போனால் சட்டப்படி அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

புரிந்து முடிவெடுக்கும் நிலையிலேயே அவர் இல்லை என்றால், எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரம் (தம்மால் முடியாதபோது தமக்காக முடிவெடுப்பவரை நியமிப்பது) ஏற்கெனவே செய்திருக்கிறாரா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் குடும்ப நீதிமன்றத்தின் மூலம் பொறுப்பாளர் நியமனம் கேட்க வேண்டிவரலாம், அது நீண்ட வேலை. மறதி இப்போதுதான் தொடங்குகிறது என்றால் எல்பிஏவைத் தள்ளிப்போடாதீர்கள். விஷயம் புரியும்போது மட்டுமே அதில் கையெழுத்திட முடியும்.

5. ஐசிக்கு விண்ணப்பியுங்கள்

படம்: 35-க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்தது. நரைத்த முடியோடு வெள்ளைச் சட்டையும் போட்டு எடுத்தால் தலையும் தோளும் பின்னணியோடு கலந்துபோகும். அடர் நிறப் புடவையோ சட்டையோ போடச் சொல்லுங்கள். கண்ணாடியில் விளக்கொளி பட்டுக் கண் தெரியாமல் போவதும் படம் திரும்பி வருவதற்குக் காரணமாகும். கண்புரை அறுவை சிகிச்சை தேதி நெருங்கிவிட்டது என்றால் படத்தை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஆணையத்தின் முகப்புகள் லெவண்டர் எம்ஆர்டி பக்கத்தில் இருக்கின்றன. முன்பதிவு இல்லாமல் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் நிற்காதீர்கள். காலை நேரத்தைப் பதிவு செய்யுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் மாத்திரை, பிஸ்கட், தண்ணீர் கையோடு இருக்கட்டும். காது கருவியை மறக்காதீர்கள், அதிகாரி கேட்பது காதில் விழாமல் எல்லாவற்றுக்கும் “ஆமா ஆமா” என்று சொல்லும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

துப்புரவு, சமையல், கட்டுமானம் என்று கைவேலை செய்தவர்களின் விரல்ரேகை தேய்ந்திருக்கும். கருவி திரும்பத் திரும்பப் படிக்காமல் போனால் அவர்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் பதறுவார்கள். “ரேகை தேய்ந்திருக்கிறது” என்று நீங்களே முதலில் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

படுக்கையில் இருப்பவர், வெளியே கொண்டுவரவே முடியாதவர் என்றால் முன்கூட்டியே மருத்துவரின் கடிதம் வாங்கி, ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

6. பெயர்: ஒரே எழுத்துக்கூட்டலில் நில்லுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் பெயர்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு விதமாகப் போகின்றன. ராமசாமி என்ற ஒரே பெயர் ஐசியில் ‘ஒய்’ என்ற எழுத்தில் முடியும், இந்தியக் கடப்பிதழில் ‘ஐ’ என்ற எழுத்தில் முடியும், திருமணப் பதிவில் நடுவில் ஒரு ‘டபிள்யூ’ வந்து உட்கார்ந்துகொள்ளும். சிங்கப்பூரில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அப்பாவின் பெயரைச் சேர்த்துப் பதிந்திருப்பார்கள். இந்தியாவில் அதே பெயர் வெறும் முன்னெழுத்து. இந்தியக் கடப்பிதழிலோ குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்புவதற்காக அந்த முன்னெழுத்தை விரித்து அப்பாவின் முழுப்பெயரை எழுதியிருப்பார்கள். சிலருக்கு அங்கே ஊர்ப் பெயர்கூட ஏறியிருக்கும். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இன்னொரு வடிவமும் உண்டு.

விதி எளிது: சிங்கப்பூர் ஐசியில் இருந்த எழுத்துக்கூட்டல்தான் மூலம். இனி எந்தப் படிவத்திலும் அதுவே. “இதுதான் சரியான ஸ்பெல்லிங், இந்தச் சாக்கில் திருத்திக்கொள்ளலாம்” என்று ஆசைப்படாதீர்கள். தொலைந்ததற்கு மாற்று வாங்குவது ஒரு வேலை, பெயர் திருத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒரே படிவத்தில் கலந்தால் இரண்டும் நிற்கும். திருத்தியே ஆக வேண்டும் என்றால் மாற்று ஆவணம் கைக்கு வந்தபின் தனியாகத் தொடங்குங்கள்.

பழைய காகிதம் ஒன்றில் வேறு வடிவம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியப் பிரமாணம் தேவைப்படலாம். சத்தியப் பிரமாணம் செய்துவைக்கும் ஆணையர்முன் அம்மா நேரில் கையெழுத்திட வேண்டும், அந்த ஆணையர் பெரும்பாலும் வழக்கறிஞராக இருப்பார். ஆங்கிலம் தெரியாதவர் என்றால் ஆவணம் அவருக்குத் தமிழில் விளக்கப்பட வேண்டும், விளக்கப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். தமிழ் பேசும் ஆணையரிடம் போனால் இது சுலபம். கைநாட்டு வைப்பவர் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

தேதியும் இதே கதைதான். அந்தக் காலத்தில் ஆண்டு மட்டும் சொல்லிப் பதிந்தவர்கள் உண்டு, பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிட்டதும் உண்டு. “ஆடி மாசம், அமாவாசைக்கு மறுநாள்” என்று அம்மா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் படிவத்தில் ஐசித் தேதிதான். மத்திய சேம நிதி, வீடு, காப்புறுதி எல்லாம் அந்தத் தேதியில்தான் நிற்கின்றன.

7. சிங்கப்பூர்க் கடப்பிதழ்

ஐசி கைக்கு வந்தபின், பயணம் இருந்தால் மட்டும் இதற்கு விண்ணப்பியுங்கள்.  16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2021 அக்டோபர் 1 முதல் பத்தாண்டுக் கடப்பிதழ். தொலைந்ததாகத் தெரிவித்த கணமே பழைய கடப்பிதழ் செல்லாததாகிவிடும், ஆகவே உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டுத் தெரிவியுங்கள். பழையதில் இந்திய விசா இருந்திருந்தால் புதிய எண்ணில் மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. குடியுரிமைச் சான்றிதழ்

இதைத் தேடித்தான் குடும்பங்கள் அதிகம் பதறுகின்றன. அன்றாட வாழ்க்கைக்கு அது கிட்டத்தட்டத் தேவையே இல்லை. இளஞ்சிவப்பு ஐசியும் சிங்கப்பூர்க் கடப்பிதழும் இருந்தால் மருத்துவமனை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), வங்கி எங்கும் சான்றிதழைக் கேட்பதில்லை. இது இல்லாததால் அம்மாவின் குடியுரிமை போய்விடாது. இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், சில பெரியவர்கள் இந்தப் பயத்திலேயே தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று “எப்போது, எப்படிக் குடியுரிமை பெற்றீர்கள்?” என்று கேட்கும்போதுதான் இது தேவைப்படும். நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருவது) விண்ணப்பம். அங்கே சிங்கப்பூர்க் கடப்பிதழுடன் குடியுரிமைச் சான்றிதழையும், இந்தியக் கடப்பிதழை ஒப்படைத்ததற்கான சான்றையும் கேட்பார்கள்.

மாற்றுச் சான்றிதழ் தருவதும் அதே ஆணையம்தான். நீங்கள் 2-இல் எழுதிய தாள் இங்கேதான் முழுப் பலன் தரும்: குடியுரிமை பெற்ற ஆண்டு தோராயமாகவாவது, அப்போது வைத்திருந்த பெயர், அப்போதைய ஐசி எண். 1957-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்ட மிக மூத்தவர்களுடைய காகிதத்தில் பெயர் இன்றைய ஐசியிலிருந்து வேறுபட்டிருக்கலாம். அப்போது இரண்டு வடிவங்களையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

வீட்டில் எங்காவது ஒரு நகல் இருக்கிறதா என்று இந்த இடங்களில் பாருங்கள்: வீவக வீடு வாங்கியபோதைய கோப்பு, அப்பாவின் பழைய முதலாளியிடம் கொடுத்த காகிதங்களின் பிரதி, அண்ணன் தேசிய சேவைக்குப் போனபோது சேர்த்து வைத்த உறை. நகல் செல்லாது என்றாலும் அதிலுள்ள எண் தங்கம்.

9. நீல ஐசிக்காரர், இந்தியக் கடப்பிதழ் தொலைந்தவர்

நிரந்தரவாசிக்கும் ஐசிதான் முதல் படி. இந்தியக் கடப்பிதழுக்கு விண்ணப்பிக்கும்போது இங்கே வசிப்பதற்கான ஆதாரமாக அதைத்தான் காட்டுவீர்கள். அடுத்து இந்த வரிசையில் போங்கள்.

போலிஸ் புகார். இணையத்திலோ அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்திலோ கொடுக்கலாம். கடப்பிதழ் எண், கொடுக்கப்பட்ட இடம், தேதி ஆகியவற்றைப் புகாரிலேயே எழுதுங்கள். “என் பாஸ்போர்ட்டைக் காணவில்லை” என்று ஒரே வரியில் கொடுத்த புகாரைத் தூக்கிக்கொண்டு போனால், விவரம் சேர்த்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படலாம்.

பிறகு இந்தியத் தூதரகத்தின் கடப்பிதழ் விண்ணப்பம், தொலைந்ததற்கான உறுதிமொழிப் படிவத்துடன். தொலைந்தவற்றுக்கு இந்தியாவில் போலிஸ் சரிபார்ப்பு நடக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: விற்றுவிட்ட பூர்வீக வீட்டின் முகவரியை இந்திய முகவரியாகக் கொடுப்பது. உள்ளூர்ப் போலிஸ் போய்க் கதவைத் தட்டும்போது அங்கே யாருக்கும் அம்மாவைத் தெரியாது, அறிக்கை பாதகமாகப் போகும். இப்போது ஆள் இருக்கும், விவரம் தெரிந்த உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்து, அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். கடப்பிதழுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்த தேதிக்கு ஆதாரம் என்ற இந்திய விதி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான். தொலைந்த கடப்பிதழின் நகல் இருந்தால் இன்னும் நல்லது.

புதிய கடப்பிதழ் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று டிக்கெட் போட்டுவிடுவார்கள். முடியவில்லை. புதிய எண்ணை ஆணையத்திடம் பதிய வேண்டும், மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் வெளியே போனால் நிரந்தரவாசத் தகுதிக்கே ஆபத்து. எழுபது வயதுக்கு மேல் அதை இழப்பதன் விலை மிகப் பெரியது.

10. ஊர்ப் பிறப்புச் சான்றிதழ், உண்மையில் தேவையென்றால்

ஏதோ ஓர் அலுவலகம் எழுத்தில் கேட்டிருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். “எதற்கும் இருக்கட்டும்” என்று எடுக்கப் போனால் ஐசியோடு பொருந்தாத புதுத் தேதி ஒன்று வந்து சேரும்.

தமிழ்நாட்டில் 1940களிலும் 50களிலும் பிறந்தவர்களின் பதிவேட்டில் பெரும்பாலும் குழந்தையின் பெயரே இருக்காது. “பெண் குழந்தை”, தகப்பன் பெயர், ஊர், தேதி, அவ்வளவுதான். எனவே அம்மாவின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் “இல்லை” என்றுதான் பதில் வரும். தாத்தாவின் பெயர், கிராமம், ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் என்று சொல்லித் தேடச் சொல்லுங்கள். அம்மா தலைப்பிரசவமாகப் பாட்டியின் தாய்வீட்டில் பிறந்திருந்தால் பதிவு அந்தக் கிராமத்தில் இருக்கும், அப்பா ஊரில் இருக்காது. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை வாங்குங்கள். அதோடு பள்ளிப் பதிவேட்டு நகலும் சத்தியப் பிரமாணமும் சேர்ந்தால் பல இடங்களில் அதுவே போதும்.

இங்கே எழுதிய பிரமாணம் இந்தியாவில் செல்ல வேண்டுமானால் நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று) வாங்க வேண்டும். அந்த முறை சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கிருந்து வரும் தமிழ்க் காகிதத்தை இங்கே கொடுப்பதற்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பேரப்பிள்ளை மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்தது ஏற்கப்படாது.

மலேசியாவில் பிறந்தவர்களுக்கு அந்த நாட்டுத் தேசியப் பதிவுத் துறை. ஜொகூருக்கு ஒரு நடை போய்வரும் தூரம்தான், ஆனால் அதற்கும் கடப்பிதழ் வேண்டுமே, ஆக வரிசை மாறாது.

11. ஊருக்குப் போன இடத்தில் தொலைந்தால்

திருச்சியில் இறங்கி, காரில் ஏறி, கோவில் குளம் என்று சுற்றிவிட்டுப் பார்த்தால் கைப்பை இல்லை. சிங்கப்பூர்க் குடிமகளான அம்மாவுக்கு இப்போது மூன்று படிகள், இதே வரிசையில்: உள்ளூர்ப் போலிஸில் புகார் கொடுத்து நகல் வாங்குவது. சென்னையில் உள்ள சிங்கப்பூர்த் துணைத் தூதரகத்தைத் தொடர்புகொண்டு, நாடு திரும்புவதற்கான தற்காலிகப் பயண ஆவணம் பெறுவது. பிறகு இந்திய வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திடம் வெளியேறும் அனுமதி வாங்குவது.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தற்காலிக ஆவணத்தில் இந்திய விசாவோ, உள்ளே வந்த முத்திரையோ இருக்காது. அதனால் வெளியேறும் அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். டிக்கெட்டை இந்த மூன்றும் கையில் வந்தபின் மாற்றுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய உதவி, கடப்பிதழின் முதல் பக்கத்தையும் விசாவையும் முத்திரைப் பக்கத்தையும் படமாக வைத்திருப்பது. பயணத்துக்கு முன் எடுக்காவிட்டாலும், போய் இறங்கிய அன்றே முத்திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

12. எல்லாம் வந்தபின்

அசல்களை ஒரே உறையில் வைக்காதீர்கள். ஐசி அம்மாவிடம், கடப்பிதழும் சான்றிதழும் வேறொரு வீட்டில், வருடல் (ஸ்கேன்) பிரதிகள் இரண்டு பிள்ளைகளிடம். ஒரு பிள்ளையிடம் மட்டும் வைத்தால் அது பின்னாளில் குடும்பச் சண்டைக்கு வழி, இரண்டு பேரிடம் இருக்கட்டும். முதியோர் சலுகைப் பயண அட்டையும் அதே பையில் போயிருந்தால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஐசி மாற்றியதும் அது தானாக வராது. முன்னோடி, மெர்டேக்கா சலுகைகள் ஐசி எண்ணோடு இணைந்தவை என்பதால் மருந்தகத்தில் அந்த அட்டை கையில் இல்லாமலும் சலுகை கிடைக்கும்.

சில மாதம் கழித்துப் பழைய ஐசி சாமி அலமாரியிலோ அரிசி டப்பாவின் அடியிலோ கிடைக்கலாம். அதை ஆணையத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஸ்பேராக வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய கடப்பிதழ் கிடைத்தால் இன்னும் கவனம்: காலாவதித் தேதி அதில் பாக்கி இருப்பதைப் பார்த்துவிட்டு யாராவது அதையே பயணப் பையில் போட்டுவிடுவார்கள். தொலைந்ததாகத் தெரிவித்த கடப்பிதழ் மறுபடி உயிர் பெறாது. அதைக் கொண்டுபோனால் சோதனைச்சாவடியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிடைத்த அன்றே அதையும் பயணப் பைகள் இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றோடு வையுங்கள்.